கூரை கூலியாகாது

ஏப்ரல் கடைசியில் தில்லியின் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது, பல்கலைக்கழக வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வகை அறிவிப்பு தவறாமல் தலைகாட்டுகிறது. உத்தராகண்டின் குமாவுன் மலையில், ராம்கருக்கோ முக்தேஸ்வருக்கோ அருகே, பழத்தோட்டத்தின் நடுவே ஒரு வீடு. வீட்டுக்காரர் ஒரு பேராசிரியர். ஓய்வுபெற்றவராக இருக்கலாம், பெருந்தொற்றுக் காலத்தில் மலையேறி அங்கேயே ஒரு காலை ஊன்றிக்கொண்டவராகவும் இருக்கலாம். கருத்தரங்கு, ஆவணக்காப்பகம், மகள் வீடு என்று ஆறு வாரம் ஐரோப்பாவுக்குப் போகிறார். திரும்பி வரும்வரை வீட்டையும் இரண்டு நாய்களையும் பார்த்துக்கொள்ளப் பொறுப்பான, வாசிப்புப் பழக்கமுள்ள, நாய்களை நேசிக்கும் ஒருவர் வேண்டும். ஆய்வு மாணவர் என்றால் மிக நல்லது. தங்குமிடம் இலவசம். இணைய வசதி உண்டு. ஆய்வேட்டின் கடைசி இயலை எழுதி முடிக்க இதைவிட அமைதியான இடம் கிடைக்காது. சம்பளம் என்ற சொல் மட்டும் அறிவிப்பின் எந்த வரியிலும் இருப்பதில்லை.

பலரும் இதை ஒரு சலுகையாகவே படிக்கிறார்கள். அனுப்புகிறவரும் அப்படியே நம்புகிறார். அவருடைய நல்லெண்ணத்தை ஐயுறக் காரணமில்லை. ஆனால் ஓர் ஆள் வேண்டும், அவர் இன்னின்ன வேலைகளைச் செய்ய வேண்டும், இத்தனை நாள் இடத்தை விட்டு அகலக் கூடாது என்று சொல்லும் அறிவிப்புக்குத் தமிழில் வேலைக்கு ஆள் தேடுதல் என்று பெயர். கூலி குறிப்பிடாமல் வேலைக்கு ஆள் தேடும் அறிவிப்பு இது. உழைப்புச் சுரண்டலைப் பற்றி வகுப்பெடுப்பவர்களும் அதைப் பற்றியே ஆய்வேடு எழுதுபவர்களும் நிறைந்த ஒரு குழுவில், இதை அப்படி அடையாளம் காண ஒருவருக்கும் தோன்றாமல், இதயக் குறிகளை வாரிக் குவித்துக்கொண்டு அது கடந்துபோகிறது. அந்த மௌனம்தான் இங்கே கேள்விக்குரியது.

அந்த ஆறு வாரத்தின் வேலையை எண்ணிப் பார்க்கலாம். விடியற்காலையில் நாய்களை வெளியே விட வேண்டும். பொழுது சாய்வதற்குள் உள்ளே கொண்டுவந்து கதவைத் தாழிட வேண்டும். குமாவுன் மலைக் கிராமங்களில் வாசலில் படுத்திருக்கும் நாயைச் சிறுத்தை தூக்கிச் செல்வது அதிசயச் செய்தி அன்று. அங்குள்ள மேய்ப்பர்கள் தங்கள் நாய்களின் கழுத்தில் இரும்பு முள்பட்டை கட்டுவது அதற்காகத்தான். இரண்டு வேளை உணவு சமைக்க வேண்டும். வயதான நாய்க்கு மாத்திரை கொடுக்க வேண்டும். உண்ணி பார்க்க வேண்டும். மே மாதத்தில் ஊற்றுகள் வற்றும்போது தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்க வேண்டும். மின்சாரம் போனால் இன்வெர்ட்டரைக் கவனிக்க வேண்டும். மழை தொடங்கியதும் எந்த அறையில் ஒழுகுகிறது என்று படம் எடுத்து அனுப்ப வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கேயே இருக்க வேண்டும். ஒரு நாள் நைனிதாலுக்குப் போய்வர நினைத்தாலும் நாய்களை யாரிடம் விடுவது என்ற கேள்வி எழும். இருபத்துநான்கு மணிநேரமும் இடத்தைவிட்டு நகராமல் இருத்தல் என்பது காவல் பணியின் இலக்கணம். அதை ஓய்வு என்று பெயர் மாற்றியதால் அதன் தன்மை மாறிவிடாது.

இதில் ஆபத்தும் உண்டு. கோடை என்பது அந்த மலைகளில் காட்டுத்தீயின் காலம். 2024 ஏப்ரல் இறுதியில் நைனிதால் மாவட்டத்தின் காடுகள் எரிந்தபோது, விமானப் படையின் ஹெலிகாப்டர் பீம்தால் ஏரியில் நீர் மொண்டு தீயணைக்க வேண்டியிருந்தது. ஊசியிலைச் சருகு முற்றம்வரை கிடக்கும் வீட்டில் தனியாக இருக்கும் ஒருவர் தீ நெருங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று எந்த அறிவிப்பும் சொல்வதில்லை. 2021 அக்டோபரில் முக்தேஸ்வரில் ஒரே நாளில் 340.8 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 1897 முதல் மழைப் பதிவேடு வைத்திருக்கும் அந்த ஊர் அதுவரை காணாத அளவு அது. ராம்கர் பக்கம் அந்த மழையில் மாண்டவர்களில் வெளியூரிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்களும் இருந்தார்கள். இவ்வளவு தூரம் போக வேண்டாம். நாய் கடித்தால் என்ன செய்வது? வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று கணக்குப்படி போட்டுக்கொள்ள வேண்டும். பெரிய மருத்துவமனைக்குப் போவதென்றால் மலையிறங்கி ஹல்த்வானிவரை செல்ல வேண்டும். அந்த வண்டிக் கூலி யாருடையது? நாய் நோயுற்று இறந்தால் பழி யாருடையது? கூலி பேசாத வேலையில் பொறுப்பும் பேசப்படுவதில்லை. பேசப்படாத பொறுப்பு கடைசியில் எளியவரின் தலையிலேயே வந்து விடிகிறது.

தங்க இடம் கொடுக்கிறோமே, அதுவே கூலிதானே என்பது உடனே வரும் விடை. இந்த விடையை இந்தியச் சட்டம் முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே மறுத்துவிட்டது. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், கூலி என்றால் என்ன என்று வரையறுக்கும் இடத்திலேயே, குடியிருக்க வீடு, விளக்கு, தண்ணீர், மருத்துவ உதவி ஆகியவற்றின் மதிப்பு கூலியில் சேராது என்று விலக்கிவைத்தது. அதன் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டின் கூலித் தொகுப்புச் சட்டமும் தன் வரையறையில் அந்த விலக்கைக் கைவிடவில்லை. காரணம் எளிது. தோட்டங்களிலும் சூளைகளிலும் குடிசையைக் காட்டிக் கூலியைக் கழித்த முதலாளிகளின் வரலாறு சட்டம் இயற்றியவர்களுக்குத் தெரிந்திருந்தது. வேலை செய்வதற்காகவே ஒருவர் ஓரிடத்தில் தங்க வேண்டியிருக்கிறது என்றால், அந்தத் தங்கல் வேலையின் ஒரு பகுதி. அது வேலைக்கான விலை ஆகாது.

1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஓர் அடி முன்னே சென்றது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகப் பெற்றுக்கொண்டு ஒருவர் உழைக்கிறார் என்றால், அவரை ஏதோ ஒரு நெருக்கடி அழுத்துகிறது; பசியும் வறுமையும்கூட அத்தகைய கட்டாயமே; எனவே அது அரசமைப்பின் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று தீர்ப்பளித்தது. 'அவராகவே விரும்பி வந்தார்' என்ற வாதத்தின் அடித்தளத்தையே அசைத்த தீர்ப்பு அது. சமூக அறிவியல் துறைகளில் இந்தத் தீர்ப்பு பாடமாக நடத்தப்படுகிறது. நடத்தி முடித்த கையோடு மேற்படி அறிவிப்பும் அனுப்பப்படுகிறது.

இந்தச் சட்டங்கள் ஒரு தனியார் வீட்டின் வாசலைத் தாண்டி உள்ளே நுழைவது அரிது என்பது உண்மைதான். பழைய சட்டத்தின்படி, ஒரு மாநில அரசு வீட்டுவேலையைத் தன் அட்டவணையில் சேர்த்தால் மட்டுமே அதற்குக் குறைந்தபட்சக் கூலி கிடைத்தது. ஆனால் இங்கே கேள்வி வழக்கு நிற்குமா என்பதன்று. சட்டம் கண்டடைந்த ஒரு நீதியை, அதை விளக்கிச் சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் தங்கள் வீட்டு வாசலில் கழற்றிவைக்கலாமா என்பதுதான்.

எழுதுவதற்கு அமைதியான அறை என்ற ஆசைகாட்டலையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். 1929இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலில் வர்ஜீனியா வுல்ஃப், எழுத நினைக்கும் பெண்ணுக்குத் தனி அறை ஒன்று தேவை என்றார். மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடுகிறார்கள். அந்த அறையோடு ஆண்டுக்கு ஐந்நூறு பவுண்டு வருமானமும் வேண்டும் என்றே அவர் வாதிட்டார். அறை வேறு, பணம் வேறு. இரண்டும் சேர்ந்தால்தான் சுதந்திரம். ராம்கரை அடுத்த உமாகரில் இந்திக் கவிஞர் மகாதேவி வர்மா எழுதுவதற்காக அமைத்துக்கொண்ட வீடு இன்றும் இருக்கிறது. அந்த மலைக்கும் இலக்கியத்துக்கும் உள்ள உறவைச் சொல்லும்போது அந்த வீட்டின் பெயர் அடிபடுகிறது. அவர் அங்கே தம் சொந்த வீட்டில் எழுதினார்; வேறொருவரின் நாய்களுக்குக் காவலிருந்தபடி எழுதவில்லை. பணமில்லாத அறை, அதுவும் வேறொருவரின் அறை, எழுத்தாளரின் அறை ஆகாது. அது காவலாளியின் அறை.

இந்த அறையை ஏற்றுக்கொள்பவர் யார்? இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அது கிடைப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். தகுதித் தேர்வின் வழி உதவித்தொகை பெறாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டம் பயில்பவர்களுக்கான தொகை மாதம் 8,000 ரூபாய் என்றே பல ஆண்டுகளாக நின்றது. 2015இல் அதையும் நிறுத்தும் முடிவு வந்தபோது மாணவர்கள் தில்லியில் யுஜிசி அலுவலக வாசலில் இரவு பகலாக அமர்ந்தார்கள். அவர்களோடு தோழமை தெரிவித்துக் கையெழுத்திட்ட பேராசிரியர்கள் பலர். கோடை விடுமுறையில் விடுதிக் கட்டணமும் உணவகக் கட்டணமும் கொடுத்துத் தில்லியில் இருப்பதைவிட மலையில் சும்மா கிடைக்கும் கூரை மேல் என்று ஒரு மாணவி முடிவெடுத்தால், அந்த முடிவை எடுத்தது அவருடைய விருப்பம் மட்டுமா, அந்த 8,000 ரூபாயுமா?

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். 2025-26ஆம் ஆண்டுக்கு உத்தராகண்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாட்கூலி 252 ரூபாய். மண் வெட்டும் வேலைக்கான, நாட்டிலேயே தாழ்ந்த கூலிகளில் ஒன்று அது. அந்தக் கணக்கில் பார்த்தாலும் 42 நாளுக்கு 10,584 ரூபாய் வருகிறது. ஐரோப்பியப் பயணத்தின் செலவில் அது ஓர் ஓரத்துக்கும் வராது. அதே நாய்களைத் தில்லியில் ஒரு நாய் விடுதியில் விட்டிருந்தால் நாள் கணக்கில் கட்டணம் கேட்டிருப்பார்கள். பேரம் பேசாமல் கொடுத்திருப்பார்கள். நாய்க்குத் தங்குமிடம் தந்தவருக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பது புரிகிறது. நாய்க்காகத் தங்கியவருக்கும் பணம் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் ஏன் புரியாமல் போகிறது?

மேலை நாடுகளில் இது வழக்கம்தானே என்பார்கள். பிரிட்டனில் 2010இல் தொடங்கிய டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ் போன்ற தளங்களில் வீட்டுக்காரரும் வந்து தங்குபவரும் உறுப்பினர் கட்டணம் செலுத்திச் சேர்கிறார்கள். இருவருக்கும் இடையில் கூலி இல்லை என்பது உண்மை. அந்த ஏற்பாட்டின் மீதும் கேள்விகள் உண்டு. ஆனால் அங்கே இருவரும் அந்நியர்கள். பிடிக்காவிட்டால் மறுக்கலாம், மறுத்ததால் எவருடைய படிப்பும் நிற்காது. இங்கே கேட்பவர் நெறியாளர், அல்லது நெறியாளரின் நண்பர், அல்லது நாளை ஆய்வேட்டை மதிப்பிடக்கூடியவர், நேர்காணல் குழுவில் அமரக்கூடியவர். யுஜிசியின் 2022ஆம் ஆண்டு விதிமுறை, பேராசிரியருக்கு எட்டு, இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு என்று ஆய்வு மாணவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டுகிறது. அந்த எட்டுப் பேரில் ஒருவர், தம் இயலைப் படித்துக் கையெழுத்திட வேண்டியவர் கேட்கும் உதவிக்கு 'இல்லை' என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை ஒரு காலத்தில் மாணவராக இருந்த எவரும் அறிவார். மறுக்க முடியாத இடத்தில் வைத்துக் கேட்கப்படும் உதவி, உதவி என்ற பெயரை இழந்துவிடுகிறது.

அன்பு என்ற சொல் அடுத்து வரும். 'அவள் எங்கள் வீட்டுப் பெண் மாதிரி.' இந்த 'மாதிரி' செய்யும் வேலை பெரிது. வீட்டுப் பெண்ணுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை; ஆனால் வீட்டுப் பெண்ணுக்குச் சொத்தில் பங்கு உண்டு. இவருக்கு முதலாவது மட்டும் பொருந்துகிறது. இந்திய வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வேலைக்காரர்களின் கூலியைக் குறைத்துவைத்த சொற்களில் 'குடும்பத்தில் ஒருத்தர் மாதிரி' என்பதற்கே முதலிடம். அதைக் கட்டுடைத்துக் காட்டும் ஆய்வுகளை மேற்பார்வை செய்தவர்கள் தங்களுக்கென்று வரும்போது அதே சொல்லிடம் அடைக்கலம் புகுவது வேடிக்கை.

இதுவரை சொன்னது பாதிதான். மலைவீட்டில் இன்னொருவர் இருக்கிறார். அறிவிப்பில் அவர் பெயர் வருவதில்லை. வீட்டுக்குக் கீழே, தோட்டத்தின் ஓரத்தில், ஒற்றை அறையில் அவர் குடும்பம் இருக்கிறது. சௌகிதார் என்று அவரை அழைக்கிறார்கள். நேபாளத்துக்காரர் என்றால் இயற்பெயர் எதுவானாலும் பகதூர். உள்ளூர்க்காரர் என்றால், சில இடங்களில் அந்த நிலத்தை விற்ற குடும்பத்திலேயே பிறந்தவர். பனிக்காலத்தில் குழாய் உறைந்தால் எங்கே தட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நாய்கள் குட்டியாக இருந்தபோதிலிருந்து அவர் கையில் தின்றவை. ஆண்டின் பல மாதங்கள் அந்த வீடு அவர் பொறுப்பில்தான் கிடக்கிறது. அப்படியானால், ஆறு வாரத்துக்குத் தில்லியிலிருந்து ஒரு மாணவியை ஏன் வரவழைக்க வேண்டும்? கூடுதலாகச் சில ஆயிரம் ரூபாயும் வீட்டுச் சாவியும் கொடுத்து அவரிடமே விட்டுச் செல்லலாமே?

விட்டுச் செல்ல மாட்டார்கள். காரணத்தைச் சத்தமாகச் சொல்லவும் மாட்டார்கள். தோட்டம்வரை அவர் நம்பிக்கைக்குரியவர். படிப்பறை, சமையலறை, படுக்கையறை என்று வரும்போது 'நம்மைப் போன்ற' ஒருவர் வேண்டும். சில அறிவிப்புகளில் சைவ உணவுக்காரர் விரும்பத்தக்கது என்ற வரியும் இருக்கும். இந்த நாட்டில் அந்த வரியின் பொருளை யாருக்கும் உரை எழுதி விளக்க வேண்டியதில்லை. காவலாளியின் அடையாள அட்டை நகல் காவல் நிலையத்தில் கொடுக்கப்பட்டிருக்கும்; மாணவியிடம் அடையாள அட்டை கேட்பது அநாகரிகமாகக் கருதப்படும். நேபாளக் குடிமக்கள் இந்தியாவில் வசிக்கவும் தொழில் செய்யவும் 1950ஆம் ஆண்டின் இந்திய-நேபாள ஒப்பந்தம் இடமளிக்கிறது. அந்த ஒப்பந்தத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுபவரின் வீட்டிலும் பகதூருக்கு வரவேற்பறைவரைதான் அனுமதி. ஆக, கூலியில்லாமல் வேலை செய்ய வரும் மாணவி இன்னொரு வேலையையும் செய்கிறார். சாதிக்கும் வர்க்கத்துக்கும் இடையில் போடப்பட்ட தாழ்ப்பாளாக, தம்மை அறியாமலே, அந்த வீட்டில் அமர்ந்திருக்கிறார்.

இதன் விளைவு ஒரு வீட்டோடு முடிவதில்லை. உத்தராகண்ட் அரசு அமைத்த ஊரகப் புலம்பெயர்வு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு அறிக்கை, 2011க்குப் பிறகு மட்டும் 734 ஊர்கள் ஆளற்றுப் போனதாகக் கணக்கிட்டது. வேலையின்மையே முதன்மைக் காரணம் என்றும் அது சொன்னது. மலையை விட்டு மலைமக்கள் இறங்குகிறார்கள். சமவெளியிலிருந்து வீட்டுக்காரர்கள் ஏறுகிறார்கள். அந்த வீடுகள் உள்ளூரில் உண்டாக்கும் வேலைகள் மிகச் சில: காவல், தோட்டம், சமையல், பராமரிப்பு. அவற்றில் ஒன்றைச் சும்மா செய்துகொடுக்கப் படித்தவர்கள் வரிசையில் நிற்கும்போது அதன் கூலி எப்படி உயரும்? அடுத்த கோடையில் காவலாளி சம்பள உயர்வு கேட்டால், 'போன வருடம் பல்கலைக்கழகப் பெண்ணே இலவசமாகப் பார்த்துக்கொண்டாள்' என்ற விடை தயாராக இருக்கிறது.

வீட்டுப் பணியாளர் உரிமைகளுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் நிறைவேறியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆனால் ஏற்புறுதி செய்யவில்லை. 2025 ஜனவரியில், டேராடூனிலிருந்து வந்த ஒரு வழக்கில் குற்றச்சாட்டுகளை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், அதே தீர்ப்பில் வீட்டுப் பணியாளர்களுக்கெனத் தனிச் சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத சில உண்டு.

மலையில் வீடு வைத்திருப்பதும் நாய் வளர்ப்பதும் குற்றமில்லை. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவதும் குற்றமில்லை. முதலில், அங்கே ஏற்கெனவே இருப்பவரைக் கேட்க வேண்டும். கூடுதல் பொறுப்புக்குக் கூடுதல் கூலியும் வீட்டின் சாவியும் அவருக்குத் தரப்பட வேண்டும். அவருக்கு முடியாது என்றால் மட்டுமே வெளியார். யாராக இருந்தாலும், நாட்கூலி எவ்வளவு, வாரத்தில் எந்த நாள் விடுமுறை, அன்று நாய்களைப் பார்ப்பவர் யார், மருத்துவச் செலவும் பயணச் செலவும் யாருடையவை, தீயோ மழையோ வந்தால் வீட்டை விட்டு வெளியேறும் உரிமை உண்டு என்பன ஒரு தாளில் எழுதப்பட வேண்டும். தம்மிடம் ஆய்வு செய்யும் மாணவரிடம் ஒரு நெறியாளர் இதைக் கேட்கவே கூடாது, பணம் கொடுத்தும்கூட. துறைத் தலைவர்களும் ஆய்வு மாணவர் சங்கங்களும், கூலி குறிப்பிடாத இத்தகைய அறிவிப்புகள் துறைக் குழுக்களில் வரக் கூடாது என்று முடிவெடுக்க ஒரு மாலைக் கூட்டம் போதும்.

மாணவர்களும் ஒன்றைச் செய்யலாம். அடுத்த அறிவிப்பு வரும்போது, இதயக் குறிக்குப் பதிலாக, அதன் கீழே ஒரே ஒரு கேள்வியைப் பணிவோடு எழுதலாம்: நாளொன்றுக்குச் சம்பளம் எவ்வளவு? எங்கோ ஒரு தோட்டத்து ஓரத்தில், அந்தக் குழுவில் உறுப்பினராக இல்லாத ஒருவருக்காகவும் கேட்கப்படும் கேள்வி அது.